ஒன்றரை ஷிப்டும் ஐந்து ரூபாய் பாக்கெட்டும்

"பாக்கெட் தீனியை விடுங்கள், வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்லாத ஆளே இப்போது இல்லை. டாக்டர் சொல்கிறார், யூடியூபில் சொல்கிறார்கள், ஊரிலிருந்து போன் பண்ணும் என் அண்ணன்கூடச் சொல்கிறான். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் யார் சமைப்பது, எத்தனை மணிக்குச் சமைப்பது, வாங்கி வந்த காயை எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டு, லைன் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் சர்க்கரை வந்துவிட்ட வீட்டுக்காரரோடும் இதை எப்படிச் சமாளிக்கிறோம் என்று எழுதுகிறேன். எங்களுக்கு எது ஒத்துவந்தது, எது வரவே இல்லை என்பதுதான் இதில் இருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன்.

முதலில் எங்கள் நாள் எப்படி ஓடும் என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. காலை எட்டரைக்குக் கம்பெனி. லைன் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை, தண்ணீர் வருகிற அன்றைக்கு அதற்கு வேறு வரிசை. ஐந்தரைக்கு விட்டால் அது ஒரு ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை. வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர், அவருக்கும் அதே கதைதான். ஒன்றரை ஷிப்ட் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்றால், சொல்லலாம், ஆனால் அந்த அரை ஷிப்ட் காசில்தான் வாடகை நிற்கிறது. வீடு வந்து சேரும்போது ஒன்பது. பிள்ளைகள் அதற்குள் ஏதாவது தின்றிருப்பார்கள், அந்த "ஏதாவது" பெரும்பாலும் தெருமுனைக் கடையிலிருந்து வந்ததாக இருக்கும்.

இன்னொன்று, சம்பளம் வாராவாரம் சனிக்கிழமை. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியாது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் நோட்டு இருக்கும், வியாழன் வெள்ளியில் சில்லறைதான் இருக்கும். ஒரு கிலோ நிலக்கடலை வாங்கி டப்பாவில் போட்டு வைத்தால் மலிவு என்று எனக்கும் தெரியும், ஆனால் வியாழக்கிழமை கையில் இருக்கும் இருபது ரூபாய்க்கு ஒரு கிலோ கடலை வராது. ஐந்து ரூபாய்க்குப் பாக்கெட் வரும்.

அந்தத் தெருமுனைக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசலில் நின்று பார்த்தால் கடைக்காரர் முகமே தெரியாது, அவ்வளவு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். கீழ்வரிசை சரியாகச் சின்னப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கும். வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்த இடம் காலியாகக் கிடந்தது. ஏன் தம்பி பழம் போடுவதில்லை என்று கேட்டேன். "ரெண்டு நாள்ல கறுத்துடுதுக்கா, அந்த நட்டம் என் தலையில. பாக்கெட்டுன்னா மாசக்கணக்குல தொங்கும், தேதி முடிஞ்சா ஏஜென்சி பையனே எடுத்துட்டு வேற குடுத்துடுவான்" என்றார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? காய், பழம் விற்றால் அழுகுகிற நட்டம் கடைக்காரருக்கு. பாக்கெட் விற்றால் நட்டத்தைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது. எங்களைப் போன்றவர்கள் வாழும் தெருக்களில் எது கிடைக்கும் எது கிடைக்காது என்பதை இந்த ஏற்பாடுதான் முடிவு செய்கிறது, பிள்ளைகளின் நாக்கு அப்புறம்தான் வருகிறது.

எனக்கு முதலில் உபயோகமாக இருந்தது கிலோ கணக்கு. பாக்கெட்டின் பின்பக்கம் நிகர எடை போட்டிருப்பார்கள். பெரியவளை விட்டுப் படிக்கச் சொன்னேன், எழுத்து அவ்வளவு பொடி. ஐந்து ரூபாய் பாக்கெட்டில் 11 கிராம் என்று இருந்தது. அப்படியென்றால் கிலோ நானூற்று ஐம்பதைத் தாண்டுகிறது. உருளைக்கிழங்கும் பாமாயிலும் உப்பும் மசாலாவும் கிலோ நானூற்று ஐம்பது! எங்கள் ஊர்ச் சந்தையில் வறுத்த கடலை அதில் பாதி விலைக்கும் குறைவு. (இப்போது நிறையப் பாக்கெட்டில் ஒரு கிராம் என்ன விலை என்றே போட்டிருக்கிறார்கள், எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பாருங்கள்.) இந்தக் கணக்கைச் சின்னவனிடம் சொன்னேன், அவன் அசைந்துகொடுக்கவில்லை, எட்டு வயதுப் பையனுக்குக் கிலோ விலை எதற்கு? ஆனால் எனக்கு அது வேலை செய்தது. "மலிவாக இருக்கிறதே" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது நின்றது.

அதனால் சனிக்கிழமை சம்பளம் வந்த கையோடு, வேறு எதற்கும் போவதற்குள், கடலையும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைவரை வருகிற அளவுக்கு வாங்க வேண்டும். டப்பாவைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மேலே பரணில் வைத்தால் கடைதான் பக்கம். முட்டையும் அப்படித்தான், சனிக்கிழமை மொத்தமாக. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியவள் இரண்டு முட்டை வேகவைப்பாள், ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுவிடுவார்கள். ஒரு முட்டை ஆறேழு ரூபாய். பாக்கெட்டைவிட ஒன்றிரண்டு ரூபாய்தான் கூட, ஆனால் அப்புறம் இரவு ஒன்பதுவரை பசி தாங்கும். பாக்கெட் தின்றால் அரை மணி நேரத்தில் இன்னொரு பாக்கெட் கேட்கும்.

இந்த "இன்னொரு பாக்கெட்" விஷயம் என் கற்பனை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இருபது பேரை ஆராய்ச்சி மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு வருகிற மாதிரி பார்த்துக்கொண்டு, வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். ஆலை உணவு சாப்பிட்ட வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடையும் கூடினார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு வாரத்துக்கான பொருள் செலவு ஆலை உணவுக்கு 106 டாலர், சமைத்த உணவுக்கு 151 டாலர். அதுவும் பொருளுக்கு மட்டும். சமைத்த ஆள் கூலி அதில் இல்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான், என் கூலியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, போகட்டும்.

பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம் என்று பேசுவதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேசில்காரர் கார்லோஸ் மொன்தேய்ரோ 2009இல் உணவைப் பிரித்துப் பார்க்க ஒரு முறையைச் சொன்னார், பிற்பாடு அது நாலு வகையானது. அப்படியே கிடைப்பதும் லேசாகப் பதப்படுத்தியதும் ஒன்று, எண்ணெய், உப்பு, சர்க்கரை மாதிரி சமையலுக்குச் சேர்ப்பவை ஒன்று, இவற்றைச் சேர்த்துச் செய்த ஊறுகாய், ரொட்டி போன்றவை ஒன்று, கடைசியாக, வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருட்களைச் சேர்த்து ஆலையில் செய்வது. சண்டை அந்த நாலாவதோடுதான். பால் பாக்கெட், ரவை பாக்கெட், தெருவில் ஒரு அக்கா ஆட்டி விற்கும் மாவுப் பாக்கெட் எல்லாம் அதில் வராது. அந்த மாவுப் பாக்கெட் இல்லையென்றால் என் வீட்டில் காலைப் பலகாரமே கிடையாது. "கடை மாவா வாங்குற?" என்று முகம் சுளிக்கிறவர்கள், கிரைண்டர் வைக்க இடமும் ஆட்ட நேரமும் கொடுத்துவிட்டுச் சுளிக்கட்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான், அன்றைக்கு ஆட்டியதா என்று. புளிக்காமல் இருக்க எதையாவது கலந்து வருகிற மாவைவிட, மறுநாளே புளிக்கிற மாவு நல்ல மாவு.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில். காலில் புண் ஆறவில்லை என்று போனவர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023இல் சொன்னது, அந்தக் கணக்கில் இவரும் ஒருத்தர். எனக்கு அதே இடத்தில் ரத்தம் கம்மி என்றார்கள். குண்டாக இருக்கிறேனே, எனக்கா ரத்தம் கம்மி என்று கேட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இங்க வர்ற பாதிப் பொம்பளைங்க அப்படித்தாங்க" என்றார். சும்மா சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் உடல் எடை கூடியவர்கள், 53 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது சேரவில்லை. டீயும் பன்னும், டீயும் வர்க்கியும், டீயும் பஜ்ஜியும் என்று ஓட்டினால் வேறென்ன ஆகும்? நர்ஸ் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் போகும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க என்றார். இதற்குக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம். இந்த மாதிரிதான் எங்களுக்கு யோசனை வேண்டும்.

வீட்டுக்காரருக்குச் சொன்னது "சோற்றைக் குறைச்சுச் சிறுதானியம் சேர்த்துக்குங்க". சேர்த்தோம். தினை, வரகு, சாமை என்று பாக்கெட் வாங்கினால் கிலோ நூறு ரூபாயைச் சுற்றி வருகிறது, ரேஷன் அரிசி இலவசம். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் இது எத்தனை வாரம் தாங்கும்? பிள்ளைகள் வேறு தொடவில்லை. தினையையும் வரகையும் விட்டோம். ராகியும் கம்பும் மட்டும் நின்றன, அவை விலை குறைவு, எனக்கும் ஊரில் களி கிண்டிப் பழக்கம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி ரேஷனில் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கடையில் நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. சிறுதானியம் சாப்பிடு என்று மேடை போட்டுச் சொல்வதைவிட அதை ரேஷன் எடை மெஷினில் போட்டால் நாங்கள் சொல்லாமலே சாப்பிடுவோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது சிறுதானியம் இல்லை, அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைக்கிற அரிசிம்பருப்புச் சோறு. நான் தேனிப் பக்கம், எங்களுக்கு அது தெரியாது. கொங்குப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வார்கள். ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு நூடுல்ஸ் கொதிக்க வைத்துக்கொண்டு இருந்தபோது வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, குக்கர் இருக்குதில்ல? அரிசிம்பருப்பு வெச்சா இதே நேரந்தானே ஆகும்?" என்றார். நின்று சொல்லியும் கொடுத்தார். எண்ணெயில் கடுகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், தக்காளி, மஞ்சள்தூள் வதக்கி, கழுவிய அரிசியும் துவரம்பருப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூன்று விசில். அவ்வளவுதான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு அவர்கள் வழக்கம், நான் இரண்டுக்கு ஒன்று என்று போடுகிறேன், வீட்டுக்காரருக்குப் பசி தாங்குகிறது. கையில் இருக்கிற காயையும் அதிலேயே போட்டுவிடுவேன், கேரட், பீன்ஸ், சுரைக்காய், ஒரு கை முருங்கைக்கீரை. அந்த அம்மா பார்த்தால் திட்டுவார், அரிசிம்பருப்பில் சுரைக்காயா என்று. தனியாகப் பொரியல் செய்ய எனக்கு இன்னொரு பர்னரும் இல்லை, இன்னொரு அரை மணி நேரமும் இல்லை.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், வெளியில் நூறுக்கு மேல். மாதம் ஒரு கிலோதான் கிடைக்கும், தினமும் செய்தால் பத்தாம் தேதியே தீரும். அதற்குப் பிறகு கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு. காலையில் கிளம்பும்போது கொள்ளை ஊறப்போட்டுவிட்டால் இரவு குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும், கேஸும் மிச்சம். சிலிண்டர் விற்கிற விலையில் ஊறப்போடுவது பெரிய விஷயம். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கார்டு ஊரில் இருக்கிறது, பொங்கலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் வேறு கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். கொஞ்ச காலம் இருக்கப்போகிறோம் என்றால் முகவரியையே மாற்றிவிடுங்கள், எங்கள் லைனில் அதைச் செய்யாத வீடுகளில்தான் பருப்பு இல்லாத வாரங்கள் அதிகம். பாமாயிலைப் பற்றியும் கேட்பீர்கள். லிட்டர் 25 ரூபாய் எண்ணெயை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. தாளிக்க அது, வாரத்தில் ஒரு நாள் கடலெண்ணெய், பலகாரம் பொரிப்பதை மட்டும் தீபாவளிக்கு என்று நிறுத்திக்கொண்டோம். பாக்கெட் சிப்ஸிலும் பெரும்பாலும் அதே பாமாயில்தான் என்பதால் இதில் யாரும் யாரையும் கேலி செய்ய ஒன்றுமில்லை.

காய் வாங்குவதுதான் பெரிய பாடு. பல்லடம் ரோட்டில் உழவர் சந்தை இருக்கிறது, காய் புதிதாக இருக்கும், விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். ஆனால் விடியும் முன்பே களை கட்டி, நாங்கள் கம்பெனிக்குப் போய் உட்காரும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போக முடியும், வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால் கெடுகிற வரிசையை வைத்துக் காய் வாங்கப் பழகினேன். ஞாயிறு, திங்களுக்குக் கீரை, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் தாங்கும். செவ்வாய், புதனுக்குக் கத்தரி, வெண்டை, அவரை. அதற்குப் பிறகு முட்டைக்கோஸ், கேரட், வெட்டாத சுரைக்காய். வெள்ளி, சனிக்குப் பரங்கி, சேனை, சின்ன வெங்காயம், இவை பத்து நாள் ஆனாலும் அசையாது. பரங்கியை வெட்டாத முழுக்காயாகவே வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரியும் நானும் வெள்ளிக்கிழமை வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வோம். தெருக்கோடியில் ஒரு முருங்கைமரம், யாருடையது என்று தெரியாது, எல்லாரும் ஒடிப்போம்.

அப்புறம் பாலில் கலக்கிக் குடிக்கிற இந்தச் சத்துமாவு டப்பா. பிள்ளைகள் வளர வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது, மாதம் ஒரு டப்பா. பெரியவள் பின்பக்கம் படித்தபோது நூறு கிராமில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை என்று இருந்தது. "ஹெல்த் டிரிங்க்" என்று சட்டத்தில் ஒரு வகையே இல்லை, அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை எடுங்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைக்காரர்களுக்குச் சொன்னது. நிறுத்திவிட்டு அந்தக் காசில் முட்டையைக் கூட்டினோம். ராகி பிஸ்கட் என்று வாங்கினதும் அப்படித்தான். அட்டையில் ராகிக் கதிர் படம், உள்ளே சேர்த்திருக்கும் பொருட்களின் வரிசையில் முதலில் "ரிஃபைன்டு வீட் ஃப்ளோர்", அதாவது மைதா, அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில், ராகி அதற்கும் கீழே. எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி, அதனால் முதல் மூன்று பெயரைப் படித்தாலே போதும், மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. உப்பை "சோடியம்" என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுத்து ஆங்கிலத்தில் எறும்பு மாதிரி இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சிலி நாட்டில் 2016இலிருந்து சர்க்கரையோ உப்போ கூடினால் அட்டையின் முன்பக்கமே கறுப்பாக எண்கோணக் கட்டம் அச்சடிக்கிறார்கள். இங்கே அப்படி வந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை வைத்துப் படிக்க வேண்டியிருக்காது.

பள்ளிக்கூடம் இல்லையென்றால் நான் சொன்ன எல்லாமே பாதி. சின்னவன் அரசுத் தொடக்கப்பள்ளி. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அவன் எட்டரைக்கே கிளம்பி அங்கேயே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு சாப்பிடுகிறான். 2022இல் மதுரையில் தொடங்கி மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. மதியம் சத்துணவு, முட்டையோடு. இரண்டு வேளை அவனுக்கு நான் கவலைப்படுவதில்லை. வீட்டில் உப்புமா என்றால் ஓடுகிறவன் அங்கே நண்பர்களோடு உட்கார்ந்தால் சாப்பிடுகிறான். அரசாங்கச் சாப்பாடா என்று நினைத்து அனுப்பாமல் இருப்பவர்கள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் ஐந்தாம் வகுப்போடு காலைச் சாப்பாடு நின்றுவிடுகிறது. பெரியவளுக்கு மதியம் மட்டும்தான். வயதுக்கு வந்த பிள்ளை, ரத்தம் வேண்டிய வயது, அவள்தான் டீயும் பிஸ்கட்டுமாக ஓடுகிறவள். அவளுக்காக நான் செய்வது, இரவு அரிசிம்பருப்பில் ஒரு பிடி கூடுதலாக வைத்துக் காலையில் சூடாக்கித் தருவது, இல்லையென்றால் இரண்டு வாழைப்பழமும் கடலையும் பையில் போடுவது. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை கூடிய தீனியை விற்கக் கூடாது என்று 2020இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள், எத்தனை சரம் தொங்குகிறது என்று. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னோம், கடைக்காரரும் பிழைக்க வந்தவர்தானே என்றார் ஒருவர், அதிலும் நியாயம் இருக்கிறது. அவரிடமே மாங்காயும் வேகவைத்த கடலையும் வைக்கச் சொல்லிக் கேட்டோம். கடலை வைக்கிறார், சரத்தையும் எடுக்கவில்லை.

கம்பெனியில் கொஞ்சம் மாறியது. பதினோரு மணி, நாலு மணி டீக்கு கேன் தூக்கி வரும் அண்ணன் வடை, பஜ்ஜி, தேங்காய் பன் கொண்டுவருவார். எங்கள் டேபிளில் நாலைந்து பேர் சேர்ந்து, சுண்டல் கொண்டு வந்தால் எத்தனை பேர் வாங்குவோம் என்று பெயர் எழுதிக் கொடுத்தோம். பெயர் எழுதிக் கொடுத்ததுதான் முக்கியம், இல்லையென்றால் மிஞ்சினால் என்ன செய்வது என்று அவர் தொடவே மாட்டார். தெருமுனைக் கடைத் தம்பி வாழைப்பழம் பற்றிச் சொன்னது நினைவில் இருந்ததால் வந்த யோசனை இது. இப்போது தட்டைப்பயறும் கொண்டைக்கடலையும் மாறி மாறி வருகிறது, கப் பத்து ரூபாய். பஜ்ஜியும் வருகிறது, விற்கவும் செய்கிறது, கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஊசி முனையில் பத்து மணி நேரம் உட்கார்ந்தவளுக்குச் சூடாக ஒரு பஜ்ஜி தின்னத் தோன்றுவது குற்றமில்லை.

ஒத்துவராதது என்று பார்த்தால் ஒன்றரை ஷிப்ட் நாட்கள்தான். வீடு வந்து குக்கர் வைக்கத் தெம்பு இல்லாத இரவுகள் இருக்கின்றன, அன்றைக்கு இட்லிக்கார அக்காவிடம் வாங்குகிறோம், அவர் மூடியிருந்தால் நூடுல்ஸ்தான், அதில் முட்டை உடைத்து ஊற்றி, மசாலாவில் பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு. 2025 செப்டம்பரில் வரியைக் குறைத்தபோது பிஸ்கட்டும் நூடுல்ஸும் 5 சதவீதத்துக்கு வந்தன. பாக்கெட்டில் அடைத்த அரிசிக்கும் பருப்புக்கும் 2022இலிருந்தே 5 சதவீதம் இருக்கிறது. பாக்கெட் பருப்புக்கும் நூடுல்ஸுக்கும் ஒரே வரி போடுகிற நாட்டில் எங்களை மட்டும் பார்த்து நல்லதாகச் சாப்பிடு என்றால் எப்படி?

ஒன்றரை ஷிப்ட் அன்றைக்கு ஆறரை மணிக்குக் கம்பெனி செலவில் ஒரு டீயும் ஒரு பன்னும் தருவார்கள். அந்தப் பன்னுக்குப் பதில் சுண்டலோ முட்டையோ தாருங்கள், விலை ஏறக்குறைய ஒன்றுதான் வரும் என்று டேபிள் டேபிளாகக் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் கொடுத்திருக்கிறோம். தீபாவளி போனஸ் பேச்சு முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார். பெயர்ப் பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது.